நாலு தடத்தில் ஒரு மோகனம்



தொண்ணூறுகளில் டிவியோடு கார்ட்ரிஜ் பெட்டியை இணைத்து மரியோவும் கான்ட்ராவும் ஆடியவர்களுக்கு அந்த இசை மறந்திருக்காது. கீச்சுக் குரலில், ஓயாமல் சுற்றிச் சுற்றி வரும். அந்த ஒலியை எழுப்பியது ஒரு சின்னஞ்சிறு சில்லு. அதே ஒலியை வைத்து இன்று புதிதாகப் பாட்டுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இசைக்குச் சிப்டியூன் என்று பெயர். பெங்களூரில் பகலெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு, ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு இப்படி இசை செய்து பார்க்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் நமக்குப் போட்டுக் காட்டும்போது நாம் என்ன சொல்வது, அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1989இல் நின்டெண்டோ நிறுவனம் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்தது. அதில் ஒலிக்கு நான்கே தடங்கள். இரண்டில் சதுர வடிவ அலை. மூன்றாவதில் அலையின் வடிவத்தை நாமே வரைந்துகொள்ளலாம். நான்காவது வெறும் இரைச்சல், தாளத்துக்கு அதுதான். ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். ஒரே தடத்தில் மூன்று சுரங்கள் சேர்ந்து கேட்க வேண்டுமென்றால் அவற்றை மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, சேர்ந்து ஒலிப்பதாகக் காதை நம்பவைக்க வேண்டும். இன்று அந்தக் கருவிகூட வேண்டாம், இலவச மென்பொருளே போதும். ஆனாலும் நாலு தடத்துக்கு மேல் போவதில்லை என்று பலர் தாங்களாகவே விரதம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்படி நாள்கணக்கில் உட்கார்ந்து கட்டிய இரண்டு நிமிடப் பாட்டை நண்பர்களுக்கு அனுப்பினால் என்ன வருகிறது? ஒரு கட்டைவிரல். ‘செம மச்சா’. கன்னட நண்பராக இருந்தால் ‘சக்கத்தாகிதே குரு’. அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அடுத்த பாட்டைச் செய்ய உட்காரும்போது அந்த அன்பு எதற்கும் உதவாது.

நம் நாட்டு மின்னணு இசைக்குப் பதில் வராத கதை புதிதல்ல. 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர், ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808, டிபி-303, ஜூபிடர்-8 ஆகிய மின்னணுக் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அது விற்கவில்லை. இருபது ஆண்டு கழித்து, எடோ பவ்மன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் பழைய தட்டுகளுக்கு நடுவே அதைக் கண்டெடுத்தார். 2010இல் அது மறுபடி வெளிவந்தபோது உலகம் வியந்தது. 1987இல் சிகாகோவிலிருந்து வெளிவந்து உலகைக் கலக்கிய ஆசிட் ஹவுஸ் இசையின் சாயல் இவருடைய தட்டில் ஐந்தாண்டு முன்பே இருந்தது. தட்டு மறுபடி வெளிவந்தபோது சரண்ஜித் சிங் எழுபதை நெருங்கிவிட்டார். 2015இல் காலமானார். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969 முதல் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் நம்மவர்கள் பதிவுசெய்த நாடாக்களும் பல பத்தாண்டுகள் காப்பகத்தில் கிடந்துவிட்டு 2023இல்தான் தட்டாக வெளிவந்தன. 1983இலேயே ஒருவர் சரண்ஜித் சிங்கிடம் போய், ‘உங்கள் பூபாளி ராகத்தில் இந்த இடம் என்னைப் பிடித்து இழுத்தது, இந்த இடம் நீண்டுவிட்டது’ என்று சொல்லியிருந்தால் அவர் அடுத்து என்ன செய்திருப்பார்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

‘எனக்குக் கம்ப்யூட்டர் இசை தெரியாதே, நான் என்ன சொல்வது’ என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பெங்களூரில் அந்தச் சாக்கை நான் ஏற்கமாட்டேன். 1939இல் தொடங்கிய ராமசேவா மண்டலியின் ராமநவமிக் கச்சேரி சாமராஜபேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்தில் நடந்துவருகிறது. பந்தலில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பழுத்த காதுகள் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. மின்னணுத் தம்பூராவை உருவாக்கிய ஜி. ராஜ் நாராயணும் இந்த ஊர்க்காரர்தான். எச்.ஏ.எல். விமான நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர், புல்லாங்குழலும் வாசிப்பவர். சுருதி மயிரிழை விலகினாலும் முகம் சுளிக்கும் வித்வான்களின் காதுக்கு முன்னால்தான் அந்தப் பெட்டி நின்றாக வேண்டியிருந்தது.

அந்தக் காது போதும். ஒரு பையன் நாலு தடத்தில் மோகன ராகம் செய்து கொண்டுவருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நாற்பதாவது நொடியில் ரிஷபமும் தைவதமும் அசையாமல் மொட்டையாக நிற்கின்றன’ என்று ஒரு மாமி சொன்னால், அவனுக்கு உடனே புரியும். சுரத்தை வழுக்கவும் அசைக்கவும் அவனுடைய மென்பொருளில் கட்டளைகள் இருக்கின்றன. ‘காதைக் குத்துகிறது’ என்றால், அலையின் அகலத்தை மாற்றி ஒலியை உருட்டிப் பார்ப்பான். ‘கீழ்க்குரலே கேட்கவில்லை’ என்றால், ‘எதில் கேட்டீர்கள்’ என்று அவன் திருப்பிக் கேட்க வேண்டும். போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த சுரங்கள் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

கேட்பவர் சொல்ல வேண்டியது இடமும் அங்கே தமக்கு நேர்ந்ததும்தான். மருந்தை, பாட்டைச் செய்தவரே தேடிக்கொள்வார். ஒன்றரை நிமிடத்தில் உங்களுக்குச் சலிப்பு வந்தால், கோளாறு ஒரு நிமிடத்திலேயே தொடங்கியிருக்கலாம். ‘ஒரு வயலின் சேர்த்துவிடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நாலு தடம் அவர் தேர்ந்துகொண்ட எல்லை. ‘இதெல்லாம் ஒரு பாட்டா’ என்பதும் வேண்டாம். அதைக் கேட்டதோடு இசை செய்வதையே நிறுத்திவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டை அனுப்பும்போது அது முடிந்ததா, பாதியில் இருக்கிறதா என்று சொல்லிவிடுங்கள். என்ன தெரிய வேண்டும் என்றும் கேளுங்கள். ‘எப்படி இருக்கு’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். ‘நடுவில் தாளம் மாறுவது உறுத்துகிறதா’ என்று கேட்டால் உருப்படியான பதில் வரும். ஒருவர் குறை சொல்லும்போது குறுக்கே விளக்கம் சொல்லாதீர்கள். குறிப்பாக, ‘சிப் ஒலி அப்படித்தான் இருக்கும்’ என்ற பதில் வேண்டாம். அதே சில்லில் உருக வைத்தவர்களும் இருக்கிறார்களே. ஒருவர் சொன்னால் யோசியுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அந்த இடத்தைப் பிரித்துக் கட்டுங்கள். நீங்களும் அடுத்தவர் பாட்டைக் கேட்டு, நொடி குறித்து நாலு வரி எழுதி அனுப்புங்கள். தன் பாட்டின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் காது அப்படித்தான் வளர்கிறது.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ அப்படி ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை இருந்தால், இந்த வாரம் ஒரு பாட்டைப் போடச் சொல்லுங்கள். இரண்டு முறை கேளுங்கள். பிடித்த ஓர் இடம், கவனம் சிதறிய ஓர் இடம், இரண்டையும் நிமிடம் நொடியோடு சொல்லுங்கள்.