கம்ப்யூட்டர் மெதுவானால் முதலில் எதைப் பார்ப்பது?

(நம் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத குழுக்களுக்காக இங்கே தருகிறோம்.)



கொஞ்ச நேரம் முன்னால் வரவு செலவு வாசித்தபோது "கம்ப்யூட்டர் பழுது 5,200 ரூபாய்" என்று ஒரு வரி வந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் 38,000 ரூபாய் என்று வர இருந்தது. அது எப்படி 5,200 ஆனது என்று சொல்லத்தான் தலைவி அக்காவிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். இதில் எங்கள் தப்பும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

நம் அலுவலகக் கம்ப்யூட்டர் 2019-இல் வாங்கியது. விண்டோஸ் 10-இல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. நம் குழுக்களின் சேமிப்பு, கடன், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில்தானே இருக்கிறது? பயந்துபோய் நவம்பரில் டவுனில் ஒரு கடையில் கொடுத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போடச் சொன்னோம். பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பழையதற்கே பாதுகாப்பை நீட்டித்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. அதை விசாரிக்காமல் அவசரப்பட்டது நாங்கள். கமிட்டியைக் கேட்காமல் முடிவெடுத்ததும் நாங்கள்தான்.

புதுசாப் போட்டால் பறக்கும் என்று நினைத்தோம். ஆமை மாதிரி நகர்ந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்ப் பாலைக் காய்ச்சி, டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தால்தான் திரையில் படம் வரும். வங்கிக்கு 11 குழுக்களின் கடன் விண்ணப்பம் போக வேண்டிய வாரம் அது. பிரதிநிதிகள் பஸ் செலவு பண்ணி வந்து வந்து திரும்பினார்கள்.

அதற்குத் திட்டு வாங்கியது யார்? நம் கணக்காளர் தங்கச்சி. "கை ஓட மாட்டேங்குது", "போனையே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி வேல நடக்கும்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சொன்னவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள், வருத்தப்படாதீர்கள். ஒருநாள் சாயங்காலம் அவர் பீரோ சாவியை மேசையில் வைத்துவிட்டு, "நாளையில இருந்து வேற ஆளப் பாத்துக்கங்கக்கா" என்றார். பத்தாவது முடித்துவிட்டு வந்து, நம் அலுவலகத்திலேயே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட பெண். நாங்கள் செய்த வேலைக்கு அவர் பேச்சு வாங்கியது எங்களுக்கு ரொம்ப உறுத்தியது.

கடைத் தம்பியைக் கேட்டோம். "பழைய மெஷினுக்கா, இதுக்கு மேல தாங்காது. புதுசு வாங்கிருங்க" என்று சொல்லி 38,000 ரூபாய்க்குக் கொட்டேஷனும் கொடுத்துவிட்டார். கமிட்டியில் தீர்மானமே எழுதியாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி. அப்போது மாவு அரைத்து விற்கிற நம் உறுப்பினர் ஒருவர் பின்னாலிருந்து கேட்டார்: "ஏம்மா, எங்க வீட்டுக் கிரைண்டர் மெதுவாச் சுத்துனா கரண்டு கம்மியா, பெல்ட்டு லூசா, அரிசி ஊறலயான்னு பாப்போம். எடுத்த எடுப்புல புதுக் கிரைண்டரா வாங்குவோம்? இதுல எது மெதுவா இருக்குன்னு பாத்தீங்களா?"

நாங்கள் பார்க்கவில்லை. தீர்மானத்தை ஒரு வாரம் தள்ளி வைத்தோம்.

முதல் விஷயம், புதிதாக விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றிரண்டு நாள் மெதுவாக இருப்பது இயல்புதான். நமக்குத் தெரியாமல் பின்னால் அது நிறைய வேலை பார்க்கிறது. அப்டேட்டுகளை இறக்கும், வைரஸ் இருக்கிறதா என்று ஃபைல்களைச் சோதிக்கும், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு ஒரு அட்டவணை தயாரிக்கும். புது வீட்டுக்குக் குடிபோன அன்றைக்கே விருந்து வைக்கச் சொன்னால் எப்படி? நாமோ தினமும் ஐந்தரை மணிக்கு மெயினை ஆஃப் பண்ணிவிட்டுப் போனோம். முடியாத வேலை மறுநாள் காலை நாம் உட்காருகிற நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. அதனால் ஒரு சனி, ஞாயிறு முழுக்க நெட் இணைப்போடு ஓடவிட்டோம். திங்கட்கிழமை கொஞ்சம் தேவலை, ஆனால் சரியாகவில்லை.

அடுத்தது டிரைவர். வண்டி ஓட்டுகிறவர் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேச வைக்கிற சின்ன சாஃப்ட்வேருக்கு அந்தப் பெயர். டிவைஸ் மேனேஜர் என்ற இடத்தில் எந்தப் பாகத்தின் மேலாவது மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதற்குச் சரியான டிரைவர் போடவில்லை என்று அர்த்தம். நம்முடையதில் திரைக்கான டிரைவரே சரியாக ஏறவில்லை. அதனால்தான் எழுத்து பெரிது பெரிதாகத் தெரிந்தது, பக்கத்தை நகர்த்தினால் இழுத்து இழுத்துப் போனது. தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிப் போட்டதும் அது சரியானது. கம்ப்யூட்டர் தொடங்கும்போதே தானாக எழுந்திருக்கிற நாலைந்து புரோகிராம்களையும் நிறுத்தினோம். கடையில் கேட்காமலே போட்டுவிட்ட ஒரு மாத இலவச ஆன்டிவைரஸ் அதில் ஒன்று.

அப்புறம்தான் அந்தக் கிரைண்டர் கேள்விக்கு வந்தோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்தப் பாகம் எவ்வளவு வேலை பார்க்கிறது என்று அதில் சதவீதத்தில் வரும். நம்முடையதில் சி.பி.யூ. 12, மெமரி 88, டிஸ்க் 100. டிஸ்க் மட்டும் 100-ஐ விட்டு இறங்கவே இல்லை.

இதை நம் அலுவலகத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். சி.பி.யூ. என்பது கணக்கு எழுதுகிற ஆள். மெமரி என்பது மேசை. டிஸ்க் என்பது பீரோ. எழுதுகிற ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஏன்? மேசை சின்னது, 4 ஜி.பி.தான். விண்டோஸ் 11-க்கு அது குறைந்தபட்ச அளவு, அதற்கு மேல் இடமில்லை. நாலு பேரேட்டை விரித்தால் மேசை நிறைந்துவிடும். ஒன்றை எடுக்க இன்னொன்றைப் பீரோவில் வைக்க வேண்டும். பீரோவோ பழைய மாதிரி, உள்ளே தட்டு சுற்றுகிற ஹார்டு டிஸ்க். எழுதுகிறவரைத் திட்டி என்ன பயன்? மேசையும் பீரோவும் அல்லவா நிற்க வைக்கிறது? இதை நாங்கள் விளக்கியபோது கணக்காளர் தங்கச்சி சிரித்துவிட்டார். "நானும் அந்த சி.பி.யூ. மாதிரிதானக்கா" என்றார்.

அதோடு விட்டிருந்தால் பெரிய ஆபத்தில் மாட்டியிருப்போம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. டிஸ்க் நல்லபடியாக இருக்கிறதா என்று அது காட்டும். நல்லபடியாக இருந்தால் நீலம், எச்சரிக்கை என்றால் மஞ்சள், போய்விட்டது என்றால் சிவப்பு. நமக்கு மஞ்சள் வந்தது. டிஸ்க்கில் சில இடங்கள் படிக்க முடியாமல் போக ஆரம்பித்திருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் அது திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், நாம் காத்திருப்போம். எத்தனை தடவை விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் அதே டிஸ்க்கில்தானே போடுகிறோம்?

அத்தனை குழுக்களின் கணக்கும் அந்த டிஸ்க்கில் இருந்தது. வெளியே ஒரே ஒரு பென்டிரைவில் நவம்பர் மாதப் பிரதி. பார்த்ததும் எங்களுக்குக் கை நடுங்கிவிட்டது. வேறு எதையும் தொடாமல் அன்று ராத்திரி எட்டரை மணி வரை உட்கார்ந்து இரண்டு பிரதி எடுத்தோம். சாவியை வைத்துவிட்டுப் போகிறேன் என்று சொன்ன அதே பெண்தான் கூட இருந்து எடுத்தார்.

பிறகு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கினோம். அதில் சுற்றுகிற தட்டு கிடையாது, தேடுவதற்கு நேரம் ஆகாது. மேசையையும் பெரிதாக்கினோம், இன்னொரு 4 ஜி.பி. மெமரி போட்டு 8 ஆனது. கூலி உட்பட 5,200 ரூபாய். விண்டோஸை மறுபடி போட வேண்டியிருந்தது. முதல் தடவை கடை பில்லில் விண்டோஸ் கீ என்று தனியாக 1,200 ரூபாய் இருந்ததைக் கவனித்துக் கேட்டோம். முறையான விண்டோஸ் 10 ஏற்கெனவே இருந்த அதே கம்ப்யூட்டரில் அதே வகை விண்டோஸ் 11 போட்டால், நெட் வந்ததும் அது தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். கேட்டதும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது சுவிட்சைப் போட்டு அரை நிமிடத்தில் திரை வந்துவிடுகிறது. டீ போட நேரமில்லை.

இன்னொன்று. பழைய தீர்மானங்களைத் திறந்தால் எல்லாம் கன்னாபின்னாவென்று இங்கிலீஷ் எழுத்தாக வருகிறது, கணக்கே அழிந்துபோச்சு என்று இரண்டு பஞ்சாயத்தில் பேச்சு பரவிவிட்டது. அழியவில்லை. அவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. புது விண்டோஸில் அந்த எழுத்துரு இருக்காது. அதை ஏற்றியதும் தமிழ் வந்துவிட்டது. இனிமேல் அடிப்பதையெல்லாம் யூனிகோடிலேயே அடிக்கச் சொல்லியிருக்கிறோம்.

கழற்றிய டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள் என்று பொருளாளர் அக்காவிடம் சொல்லியிருக்கிறோம். அதில் உங்கள் எல்லோருடைய கணக்கு எண்ணும் இருக்கிறது. கவரில் போட்டு, தேதி எழுதி, பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. கணக்கின் பிரதி மாதாமாதம் இரண்டு எடுக்கிறோம். ஒன்று அலுவலகத்தில், ஒன்று பொருளாளர் வீட்டில்.

மூன்று பஞ்சாயத்துக் கூட்டமைப்புகளில் இதே 2019 கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. அவர்கள் அந்த மூன்று சதவீதத்தையும், டிஸ்க் என்ன நிறம் காட்டுகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். எப்படிப் பார்ப்பது என்று தெரியாதவர்களுக்கு இப்போதே செய்து காட்டப்போகிறோம். நாங்கள் உட்கார்ந்துகொள்கிறோம். கணக்காளர் தங்கச்சி முன்னால் வருகிறார், பின்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள்.