நாட்டு வளர்ச்சியில் ஆய்வு மையங்களின் பங்கு: கங்கைகொண்டான் கற்பிக்கும் பாடம்



கவிதை பேசும் அவையில் பொருளாதார ஆய்வுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். ஊரை உற்றுநோக்குவதே இரண்டிற்கும் தொடக்கம். நோக்கியதைக் கவிஞர் சொல்லில் வைக்கிறார். ஆய்வாளர் எண்ணில் வைக்கிறார்.

1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், இந்தியப் பொருளாதாரத்தைக் கற்பிக்கும் முன் இந்தியக் கிராமத்தை அறிய விழைந்தார். வினாத்தாள் ஒன்றை வகுத்து, மாணவர்களைக் கொண்டு ஊர்களை ஆராயச் செய்தார். நிலம், குத்தகை, கூலி, கடன் ஆகியவை கேட்டெழுதப்பட்டன. 1918-இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று, சிற்றாற்றங்கரையிலுள்ள நம் கங்கைகொண்டான். பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936-37-இல் நடத்திய மறு ஆய்வு 1940-இல் நூலாயிற்று. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரை மீண்டும் ஆராய்ந்தது. ஒருமுறை அளந்தால் ஊரின் நிலை தெரியும். தலைமுறைதோறும் அளந்தால்தான் அதன் போக்குத் தெரியும். கொள்கை வகுப்போர்க்கு வேண்டியது போக்கைப் பற்றிய அறிவே.

அந்நிறுவனத்தை 1971-இல் நிறுவியவர் மால்கம் ஆதிசேசையா. யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உலகைச் சுற்றிவந்தவர், தமிழ்நாட்டின் வறுமையை ஆராயச் சென்னைக்குத் திரும்பினார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார். 1977-இல் நிறுவனம் தேசியத் தகுதி பெற்றது. அரசின் உதவியைப் பெற்றும் அரசுக்கு உவப்பில்லாத உண்மையைச் சொல்ல வல்லதாக இருப்பதே இத்தகைய மையத்தின் உயிர்.

இன்று கங்கைகொண்டானில் சிப்காட் தொழில் வளாகம் நிற்கிறது. அங்குள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீரை வழங்கலாமா என்னும் வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016-இல் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. வழக்கின் நியாயத்தை நான் இங்கு எடைபோடவில்லை. ஆற்றில் வரும் நீர் எவ்வளவு, வயலுக்கும் குடிநீருக்கும் வேண்டியது எவ்வளவு, எஞ்சுவது எவ்வளவு என்னும் கணக்கு, வழக்கு மூள்வதற்கு முன்பே உழவர் கையிலும் இருக்க வேண்டாமா? அதனை ஆண்டுதோறும் எடுத்து, எவரும் படிக்கும்படி வெளியிடுவதைவிடப் பெரிய பணி ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையத்திற்கு இல்லை.

இங்கேதான் தமிழ் கற்பிக்கும் எனக்கும், கவிஞர்களாகிய உங்களுக்கும் பங்கு வருகிறது. நான் குறிப்பிட்ட மூன்று ஆய்வுகளும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. விடை சொன்னவர்கள் பேசியதோ தமிழ். கார், பிசானம் என்று நெல்லைச் சீமை உழவர் சொல்லும்போது விதைப்பும் மழையும் அணை திறக்கும் நாளும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. முதற் போகம், இரண்டாம் போகம் என்று படிவத்தில் எழுதினால் எண் நிற்கும், வாழ்வு நழுவும். தன்னைப் பற்றிய ஆய்வைப் படிக்க இயலாத ஊர், அதிலுள்ள பிழையைத் திருத்தவும் இயலாது. அதனைச் சான்றாகக் காட்டி உரிமை கேட்கவும் இயலாது.

இது இயலாத கனவன்று. அதே நிறுவனத்தின் பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி, 1908-ஆம் ஆண்டின் திருநெல்வேலி எழுச்சியைத் தமிழிலேயே ஆராய்ந்து எழுதிய நூல் 2024-ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ஆய்வின் செறிவு தமிழில் குறையாது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

1990-இல் தோன்றிய நம் பல்கலைக்கழகம் மனோன்மணீயம் சுந்தரனாரின் பெயரைத் தாங்கியது. தமிழ்ப் புலவர் பெயர் கொண்ட அக்கழகத்தின் பொருளியல் துறையும் தமிழ்த் துறையும் கைகோத்துக் கங்கைகொண்டானை மீண்டும் ஆராயட்டும். ஊர்ச் சொற்களைத் திரட்டித் தரும் பொறுப்பை இவ்வட்டம் ஏற்கட்டும். முடிந்த அறிக்கை நூலகத்திற்குச் செல்லுமுன் ஊர் மன்றத்தில் தமிழில் படிக்கப்படட்டும். கேட்பவர்கள் குறுக்கிட்டுத் திருத்தட்டும். பதினோராம் ஆண்டின் முதற் பணியாக இதனை ஏற்குமாறு வேண்டி அமைகிறேன்.