மூன்று வாரப் பசி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விலங்கியல் படித்தவன் எலியைப் பற்றித்தானே பேசுவான் என்று முன்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. ஆமாம், எலிதான்.

கேம்பிரிட்ஜில் மக்கான்ஸ், விட்டோசன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு தாயெலியிடம் மூன்றே குட்டிகள். இன்னொன்றிடம் பதினைந்து, இருபது. மூன்று வாரத்தில் பால் மறந்தபின் எல்லாவற்றுக்கும் வேண்டுமளவு தீனி. ஆனாலும் கூட்டத்தில் வளர்ந்தவை கடைசிவரை சிறுத்தே நின்றன.

மான்செஸ்டரில் ஜான் டாபிங் மூளைக்குள்ளேயே பார்த்தார். எலியின் மூளை மளமளவென்று வளர்வது அந்த முதல் மூன்று வாரத்தில்தான். அப்போது அரைவயிறு என்றால் மூளையின் எடையோடு நொதிகளின் வளர்ச்சியும் பின்தங்குகிறது. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்று ஒரு நொதி; பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலினைச் சிதைப்பது அதன் வேலை. பசித்த குட்டிகளில் அது குறைவு. பிறகு நன்றாகத் தீனி போட்டால் சமமாகிவிடும் என்றுதானே நினைப்போம்? 1971-ல் அட்லார்டும் டாபிங்கும் அப்படி வளர்ந்த பெரிய எலிகளில் அளந்தார்கள். சாதாரண எலியைவிட அதிகமாக இருந்தது! கூடினால் நல்லதுதானே என்று கேட்காதீர்கள். குழம்பில் உப்பு கூடினாலும் கோளாறுதான்.

கினிப் பன்றிக்கு இந்த வேகம் பெரும்பாலும் தாய் வயிற்றிலேயே முடிந்துவிடும். அதனால் பிறந்தபின் வரும் பசி அதன் மூளையை அவ்வளவு பாதிப்பதில்லை. எவ்வளவு பசி என்பதைவிட எப்போது பசி என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

எலிக் கணக்கை அப்படியே மனிதனுக்குப் போடக்கூடாது. நமக்கு அந்த வேகம் கர்ப்பத்தின் பிற்பகுதியில் தொடங்கி, பிறந்து இரண்டு வயதைத் தாண்டியும் ஓடுகிறது. 1982-ல் நம் மாநிலத்தில் சத்துணவுத் திட்டம் விரிவானபோது இரண்டு வயதுக் குழந்தைக்கும் தட்டு வந்தது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தட்டு வருமுன்னே மூளை பாதி வேலையை முடித்திருக்கும். அதற்குச் சோறு போட வேண்டியது தாயின் தட்டில்.

'அப்போ, தவறவிட்டால் அவ்வளவுதானா சார்?' என்று காலையில் ஒரு மாணவி கேட்டார். இல்லையம்மா. 1972-ல் லெவிட்ஸ்கியும் பார்ன்ஸும் பசித்து வளர்ந்த எலிக்குட்டிகளைத் தினமும் கையில் எடுத்துப் பழக்கினார்கள், சுற்றிப் பார்க்க விட்டார்கள். தனியே கூண்டில் கிடந்தவற்றிடம் கண்ட நடத்தைக் கோளாறுகள் இவற்றிடம் வெகுவாகக் குறைந்திருந்தன.