மச்சுக்குள் இருந்த பிள்ளை



வவுனியாவில், எங்கள் நெளுக்குளத்தில் ஒரு வீட்டிலிருந்து "ஐயோ, பிள்ளையைக் காணேல்லை" என்று குரல் கேட்டால், ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்க அயலில் ஆள் இல்லை. ஒருவர் கிணற்றை எட்டிப் பார்ப்பார். ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்கு ஓடுவார். இன்னொருவர் மன்னார் வீதியில் போகிற பஸ்ஸை மறிப்பார். அடுப்பில் சோறு கருகினாலும் திரும்பிப் பார்க்க ஆள் இராது. இந்த ஓட்டத்தை வைத்து விளையாடிய ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

2009 ஒக்டோபர் 15, வியாழக்கிழமை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், போர்ட் கொலின்ஸ் நகரம். ரிச்சர்ட் ஹீன், மயூமி ஹீன் தம்பதிக்கு மூன்று ஆண் பிள்ளைகள். தகப்பன் செய்துவைத்திருந்த ஒரு பெரிய பலூன், பறக்கும் தட்டு மாதிரி வெள்ளி நிறம், ஹீலியம் நிரப்பியது, வீட்டு வளவிலிருந்து மேலே கிளம்பிவிட்டது. ஆறு வயதுக் கடைசி மகன் அதற்குள் ஏறிவிட்டான் என்று வீட்டார் சொன்னார்கள்.

பிறகென்ன, ஹெலிகொப்டர்கள் துரத்தின. டென்வர் விமான நிலையத்தில் விமானங்களை நிறுத்திவைத்தார்கள். தொலைக்காட்சிகள் வேறு செய்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த வெள்ளிப் பொட்டை மட்டும் காட்டிக்கொண்டிருந்தன. ஏறத்தாழ 80 கிலோமீற்றர் பறந்து பலூன் தரையிறங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால் உள்ளே ஒருவரும் இல்லை. வழியில் விழுந்துவிட்டானோ என்று அதற்குப் பிறகு வேறு ஒரு தேடல்.

பின்னேரம் பிள்ளை கிடைத்தான். சொந்த வீட்டிலேயே, கார் நிறுத்தும் கொட்டிலின் மச்சுக்குள் இருந்திருக்கிறான்.

அன்று இரவு சி.என்.என். தொலைக்காட்சியில் குடும்பம் முழுவதும் வந்து உட்கார்ந்தது. உன்னைக் கூப்பிட்டது கேட்டதா, கேட்டதென்றால் ஏன் வெளியே வரவில்லை என்று பிள்ளையிடம் கேள்வி. அவன் தாய் தகப்பனைப் பார்த்து, இது ஷோவுக்காகச் செய்கிறோம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்ற கருத்தில் ஒரு வாக்கியம் சொன்னான். அவ்வளவுதான். அடுத்த நாள் காலை இரண்டு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் கமராவுக்கு முன்னால் சத்தி எடுத்தான் அந்தப் பிள்ளை. இரண்டிலும். முதலாவதில் சத்தி எடுத்தவனை இரண்டாவதிலும் கொண்டுபோய் இருத்தியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அன்று தகப்பன் தொலைபேசி எடுத்த ஒழுங்கு பிறகு வெளியே வந்தது. முதலில் விமானப் போக்குவரத்துத் திணைக்களம், இரண்டாவது ஒரு தொலைக்காட்சி நிலையம், அதன் பிறகுதான் அவசர உதவி இலக்கம். தொலைக்காட்சிக்காரரிடம் ஹெலிகொப்டர் இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு அது செமிக்கவில்லை. அந்தக் குடும்பம் முன்பே ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சியில் தோன்றியது. சொந்தமாக ஒரு நிகழ்ச்சி கிடைக்கவேண்டும் என்றுதான் இந்த நாடகம் என்றது பொலிஸ். இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தகப்பனுக்கு 90 நாள் சிறை, தாய்க்கு 20 நாள், 36,000 டொலர் நட்டஈடு. 2020 டிசெம்பரில் மாநில ஆளுநர் மன்னிப்பும் கொடுத்துவிட்டார். பொய் சொல்லவில்லை என்றுதான் அவர்கள் பிறகும் சொல்லிவந்தார்கள்.

அந்த 2009 ஒக்டோபரில் நாங்கள் எங்கே இருந்தோம் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதே மன்னார் வீதியால் செட்டிகுளம் பக்கம் போனால் மெனிக்பாம். போர் முடிந்தபின் அங்கே முட்கம்பிக்குள் இலட்சக்கணக்கான சனம். அடுத்த முகாமில் என்ர பிள்ளை இருக்கிறானோ என்று படத்தைக் கையில் வைத்துக் கேட்டுக்கொண்டு நின்ற தாய்மார். அந்தத் தாய்மாரில் பலர்தான் 2017 பெப்ரவரி 24 அன்று வவுனியாவில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களைப் படம் பிடிக்க ஹெலிகொப்டர் ஒன்றும் வரவில்லை.

சரி, இது வெள்ளைக்காரன் பைத்தியம் என்று தள்ளிவிடவும் முடியாது. தமிழ்நாட்டில், திருச்சிக்குப் பக்கத்து மணப்பாறையில், 2007இல் ஒரு வைத்தியத் தம்பதி தங்கள் 15 வயது மகனைக் கொண்டு ஒரு கர்ப்பிணிக்குச் சிசேரியன் செய்வித்தார்கள். உலகிலேயே இளைய சத்திரசிகிச்சை நிபுணர் என்று கின்னஸில் பெயர் வரவேண்டுமாம். அதை வீடியோ எடுத்து உள்ளூர் வைத்தியர் சங்கக் கூட்டத்தில் பெருமையாகப் போட்டும் காட்டினார்கள். அதனால்தான் அகப்பட்டார்கள். கின்னஸ்காரர் இப்படிப்பட்ட சாதனையை ஏற்பதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இங்கே பொய் ஒன்றும் இல்லை, வெட்டியது உண்மையான வயிற்றை. ஆனால் ஆசை அதே ஆசை.

இப்போது அதற்குப் பலூனும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். கையில் போன் இருந்தால் போதும். கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் அயலில் ஒரு இளம் தகப்பன், ஐந்து வயது மகளை நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அவளுடைய சின்னச் செருப்பு இரண்டையும் கிணற்றுக்கட்டில் வைத்தார். மனைவி கத்துவதை வீடியோ எடுத்துப் போடுவதற்கு. மனைவிக்கு முன்னால் அம்மம்மாதான் கண்டா. கடைசிப் போர் நடந்த முள்ளிவாய்க்காலால் வந்த மனுசி. சத்தம்கூட வரவில்லை, கிணற்றுக்கட்டைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டா. அயல் முழுக்க ஓடிவந்தது. நானும் ஓடினேன். அந்த நேரம் அறைக்குள் இருந்து ஒரு குரல்: "அப்பா, இப்ப வெளியில வரட்டோ?"

தகப்பன் சிரிக்கப் பார்த்தார். ஒருவரும் சேர்ந்து சிரிக்கவில்லை. வீடியோவை அங்கேயே நின்று அழிப்பித்தோம்.

நேயர்களே, உங்கள் போனுக்கும் இப்படியானவை வரும். பிள்ளையை அழவைத்து எடுத்தது, பயப்படுத்தி எடுத்தது. பார்த்துவிட்டு மற்றவருக்கு அனுப்பாதீர்கள். ஒரு பிள்ளை துன்பப்படுகிறது என்று தெரிந்தால், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம்.