தீப்பெட்டியும் சுங்க வரியும்

(மதுரை கோச்சடையில் நடந்த குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் உலகமயமாதலும் வணிகமும் பற்றிய பாடம் இருக்கிறது. தடையற்ற வணிகத்தின் நன்மை, தீமைகளைப் பிள்ளைகள் வரிசையாக ஒப்பித்துவிடுவார்கள். மதிப்பெண்ணும் வந்துவிடும். "யாருக்கு நன்மை? யாருக்குத் தீமை?" என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். அதனால் நான் இந்தப் பாடத்தை அமெரிக்காவிலிருந்தோ சீனாவிலிருந்தோ தொடங்குவதில்லை, தீப்பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு காலத்தில் நம் அடுப்படிக்குத் தீக்குச்சி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. 1922இல் ஆங்கிலேய அரசு, இறக்குமதியாகும் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் சுங்க வரி போட்டது. நம் தொழிலை வளர்க்க வேண்டும் என்ற அக்கறையால் அல்ல, கஜானாவுக்குப் பணம் தேவைப்பட்டது. ஆனாலும் அந்த வரி உள்ளூர்த் தொழிலுக்கு ஒரு மதிலாக நின்றது. அதே ஆண்டில் கல்கத்தா சென்று தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். 1928இல் தனிச் சட்டம் வந்து, அதே வரி காப்பு வரியானது. வானம் பார்த்த பூமிக்கு ஒரு பிழைப்பு கிடைத்தது.

சுவீடன் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. விம்கோ என்ற பெயரில் மதிலுக்கு உள்ளேயே வந்து இயந்திர ஆலை வைத்தது. கையால் செய்யும் சிறு 'தீப்பெட்டி ஆபீஸ்'கள் அதோடு விலையில் போட்டி போட வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் எக்சைஸ் வரியில் சலுகை கிடைத்தது. மற்றபடி, மரத்தின் விலையையும் மருந்தின் விலையையும் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது கூலியைத்தான். அதிலும் மிகக் குறைந்த கூலி பிள்ளைகளுக்கு. விடியுமுன் கிராமம் கிராமமாகப் பேருந்து வந்து, குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. நம் வருகைப் பதிவேட்டில் 'நீண்ட நாள் வராதோர்' ஆனவர்கள் அவர்கள். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

காப்பு வரி கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. அது இல்லையென்றால் சிவகாசியும் இல்லை, சாத்தூர், கோவில்பட்டி ஆபீஸ்களும் இல்லை. ஆனால் பொருளை எந்த ஊரில் செய்வது என்பதை மட்டுமே வரி தீர்மானிக்கிறது. யார் கையால், என்ன கூலிக்கு என்று அது கேட்பதில்லை. நம் பாடத்தில் விடுபட்டிருப்பது இந்த இடம்தான்.

இப்போது இன்றைய கணக்கு. 14 ஆண்டுகளாக ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டிக்குச் சமம் என்கிறார்கள். நாற்பது ரூபாய் வேலையைப் பத்து ரூபாய் செய்கிறது, வாங்குபவருக்கு லாபம். ஆபீசில் வேலை பார்க்கும் பெண்களுக்கோ வேலை போகிறது. தமிழக அரசும் கோரிக்கை வைத்தது. 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. பிறகு உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே கோத்தார்கள். 2024 அக்டோபரில் அதற்கும் தடை வந்தது. லைட்டர் சங்கதியில் எனக்குத் தயக்கம் இல்லை. பெட்டிக்கடையில் முப்பது ரூபாய் மிச்சமாவதற்காக ஒரு வட்டாரத்தின் அடுப்பு அணையக்கூடாது.

பருத்தியில் எனக்கு அவ்வளவு தெளிவு இல்லை. 2021 பட்ஜெட்டில் வந்த 11 சதவீத இறக்குமதி வரி, திருமங்கலம், பேரையூர் கரிசல்காட்டு விவசாயிக்குக் கொஞ்சம் பிடிமானம். நூற்பாலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் அதுவே சுமை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் தவித்தது. அதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்ட் 19 முதல், நம் அரசு பருத்தி வரியை நீக்கியிருந்தது. அந்த ஆண்டு இறுதிவரை நீட்டித்தது. ஆலைக்கு மூச்சு வந்தது. பருத்தி எடுக்கும் நேரத்தில் விவசாயி விலைக்குப் பயந்தார். தாத்தா பருத்தி போடுகிறார், மாமா திருப்பூரில் தைக்கிறார். அப்படிப்பட்ட பிள்ளை நம் வகுப்பிலேயே இருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் எந்தப் பக்கத்தைச் சரி என்பது?

லைட்டர் தடையைப் பற்றி வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி எழுந்து, "தடை போட்டதால் அவர்களுக்குக் கூலி கூடியதா சார்?" என்று கேட்டாள். நான் தடை உத்தரவைப் பற்றி மட்டுமே தயாரித்திருந்தேன். அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி வைத்தோம்.

இரண்டு பாடவேளை போதும். பிள்ளைகளை வீட்டிலிருந்து காலித் தீப்பெட்டி கொண்டுவரச் சொல்லுங்கள். காலிப்பெட்டி மட்டும்! குச்சியோடு வந்தால் தலைமையாசிரியருக்குப் பதில் சொல்வது உங்கள் பாடு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஊரை வரைபடத்தில் குறிக்கட்டும். தொடக்க வகுப்புக்கு அதுவே போதும். பெரிய வகுப்பு என்றால், அந்த இரண்டு ரூபாயில் மரம், மருந்து, அட்டை, வண்டிக் கூலி, கடைக்காரர் எல்லாம் போகக் குச்சி அடுக்கியவருக்கு எவ்வளவு இருக்கும் என்று குழுவாக உட்கார்ந்து கணக்குப் போடட்டும்.