முறுக்கும் கைக்கும் அளவு வேண்டும்

(பேராக் தோட்டமொன்றில் இளைஞர் முன்னிலையில் ஆற்றிய உரை)



1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளோடு இம்மாநிலத்தின் இரப்பர் வரலாறு தொடங்கிற்று. அவ்வரலாற்றை வியர்வையால் எழுதியவர்கள் நம் முன்னோர். இன்று பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. உளி பிடித்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் கார்ப் பட்டறைகளில் ஸ்பானர் பிடிக்கின்றனர். ஆதலின் அத்தொழிலில் சிறிதென எண்ணப்படும் ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகின்றோம். எஞ்சினைப் பிரித்து மீண்டும் பூட்டும்போது, போல்ட் எனப்படும் மரையாணிகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதே அது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பழைய புரோட்டோன் சாகாவின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டச் செய்தோம். மூன்று வாரங்கள் நன்றாகவே ஓடியது. பின்னர் ஒரு நாள், முதுமையுற்ற நம் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழியில், எஞ்சின் கொதித்து வெண்புகை கக்கி நின்றுவிட்டது. கொளுத்தும் வெயிலில் சாலையோரத்தில் அவரை அமர வைத்துக் காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தை நாம் மறக்கவில்லை. எஞ்சினைத் திறந்தபோது உண்மை வெளிப்பட்டது. தலைப்பகுதியின் மரையாணிகளுள் சில மிகையாகவும் சில குறைவாகவும் இறுக்கப்பட்டிருந்தன. இடையிலிருந்த கேஸ்கெட் தகடு கருகி, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தது. பூட்டியவர் சோம்பேறி அல்லர். தம் கையை நம்பியவர், அவ்வளவே.

கையை நம்புவது தவறா என நீங்கள் வினவலாம். பால்மரம் வெட்டுவோர் கையைத்தானே நம்புகின்றனர்? உளி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் படும். மேலோட்டமாகப் போனால் பால் குறையும். அந்த நூலளவு வேறுபாட்டை அவர்தம் கை அறிந்திருக்கிறது. எவ்வாறு? தவறு நேர்ந்தால் பட்டையும் மங்கும் அன்றைக்கே காட்டிக் கொடுத்துவிடும். மரமே ஆசிரியராக நின்று கையைத் திருத்துகிறது. மரையாணியோ அவ்வாறு பேசுவதில்லை. தவறாக இறுக்கியதும் சரியாக இறுக்கியதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

இதன் காரணம் எளிது. எஃகு மரையாணியும் இரப்பரைப் போலவே நீளும் தன்மையுடையது; நீட்சி மட்டும் மிக நுண்ணியது. இழுவிசைக்கேற்ப நீட்சி அமையும் என்பதை ராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் 1678-இலேயே வெளியிட்டார். நாம் முறுக்கும்போது மரையாணி சற்று நீண்டு, மீண்டும் சுருங்க முயல்கிறது. அம்முயற்சியே இரு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. குறைவாக நீண்டால் பிடிப்பு இல்லை. அளவு கடந்து நீண்டால், தளர்ந்துபோன இரப்பர் வளையம் போல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஒரு நாள் அறுந்தும் போகும். ஆனால் நம் கை உணர்வது முறுக்கை மட்டுமே, நீட்சியை அன்று. செலுத்தும் முறுக்கில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு உராய்விலேயே கழிந்துவிடுகிறது. மரையில் துரு இருந்தால் ஒரு கணக்கு, எண்ணெய் இருந்தால் வேறொரு கணக்கு. நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்திற்கு 1500 முறை வெடிப்பைத் தாங்குகிறது. அங்கே மனக்கணக்கு செல்லாது.

1990 ஜூன் 10 அன்று பிரிட்டனில் ஒரு பயணிகள் விமானம் வானில் பறந்துகொண்டிருக்கையில் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. அதைப் பொருத்திய 90 மரையாணிகளுள் 84, தேவைக்குக் குறைந்த பருமனுடையவை. பொருத்தியவர் பட்டியலைப் பாராமல், கழற்றிய பழைய மரையாணியோடு கண்ணால் ஒப்பிட்டுத் தேர்ந்திருந்தார். பாதி உடல் வெளியே இழுக்கப்பட்ட விமானியை உடனிருந்தோர் பற்றிக்கொண்டனர். அவர் உயிர் பிழைத்தார். அனுபவம் மிக்கவர் கண்ணும் பிழைபடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே இளைஞர்களே, சிலவற்றை மனத்திற் கொள்ளுங்கள். முதலாவது, அந்தந்த எஞ்சினுக்குரிய கையேட்டைப் பார்த்து அளவை அறியுங்கள். அலகையும் கவனியுங்கள்: 70 நியூட்டன் மீட்டர் என்பதை 70 அடி-பவுண்டு என வைத்து முறுக்கினால் அது 95 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். இரண்டாவது, மரைகளையும் துளைகளையும் தூய்மை செய்யுங்கள். அடைபட்ட துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால், மரையாணி இறங்கும் அழுத்தத்தில் இரும்பே வெடிக்கக்கூடும். மூன்றாவது, தலைப்பகுதியை நடுவிலிருந்து தொடங்கி, மாறி மாறி வெளிப்புறமாக, இரண்டு மூன்று கட்டங்களில் இறுக்குங்கள். கழற்றும்போது ஓரத்திலிருந்து தொடங்குங்கள். நான்காவது, அளவு காட்டும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்துங்கள். அதைக் கொண்டு எதையும் கழற்றாதீர்கள். 'கிளிக்' ஒலி எழுப்பும் வகையானால், வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். ஐந்தாவது, ஒரு முறைக்கே உரியவை எனக் கையேடு கூறும் மரையாணிகளைச் சிக்கனம் கருதி மீண்டும் பூட்டாதீர்கள்.

கைத்தொழில் கற்ற இளைஞருக்குச் சான்றிதழும் வேண்டும். ஈப்போவில் அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகம் உள்ளது. பட்டறையிலேயே கற்றுத் தேர்ந்தவர்களும், தம் அனுபவத்திற்கு ஆதாரம் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழியுண்டு. செய்த வேலைகளைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அது பின்னர்க் கைகொடுக்கும்.

நீங்கள் பூட்டிய எஞ்சினை நம்பி, யாரோ ஒருவர் தம் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார். அவருக்கு உங்கள் பெயர் தெரியாது. நீங்கள் இறுக்கிய மரையாணியும் அவர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத இடத்திலும் சரியாகச் செய்வதே நேர்மை. நம் முன்னோர் ஒவ்வொரு மரத்தையும் அடுத்த நாளும் பால் தர வேண்டுமென எண்ணியே வெட்டினர். அந்தப் பொறுப்புணர்ச்சி, உளியிலிருந்து உங்கள் ஸ்பானருக்கும் வந்து சேரட்டும்.