ஒரு தடவைதான் கேட்பார்கள்

(நமது சங்கம் கிளப் ஹவுஸில் நடத்திய 'வெளிநாட்டில் உயர்கல்வி' கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர், ஜெர்மனியில் முதுநிலைப் பொறியியல் படித்துத் திரும்பியிருக்கும் நம் வளாகத்துப் பெண்.)



'ஐரோப்பாவில் கண்ட பண்பாட்டு வேறுபாடுகள்' என்று செயலாளர் அங்கிள் தலைப்புக் கொடுத்திருக்கிறார். ஐரோப்பா முழுவதையும் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. நான் இருந்தது ஜெர்மனியில், அதிலும் தெற்கே ஸ்டுட்கார்ட் நகரில், இரண்டரை வருடம். அங்கே பார்த்ததை மட்டும் சொல்கிறேன். இந்த வருடம் நம் வளாகத்திலிருந்தே சில பிள்ளைகள் கிளம்புகிறார்கள். அவர்களும் அப்பா அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் பேசப்போகிறேன்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஏனென்றால் லிஃப்டில் பார்க்கிற எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று இங்கே ஒரு பேச்சு இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் அது சரி. ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு 2017 முதல் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. அதுபோக, விசாவுக்கு முன்பே முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் ஒரு வருடச் செலவுக்கான பணத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. மாதம் 992 யூரோ வீதம்தான் வெளியே எடுக்கலாம். வருடத்துக்கு 140 முழு நாட்கள் வேலை செய்ய அனுமதி உண்டு. பணத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் சொல்ல நினைத்தது வேறு. ஒரு சின்ன விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் 'காபி சாப்பிடுறீங்களா' என்று கேட்போம். அவர் 'அதெல்லாம் வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்' என்பார். நாம் அதைக் காதிலேயே வாங்காமல் பாலை அடுப்பில் வைப்போம். அவரும் குடித்துவிட்டுத்தான் போவார். முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அங்கே 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். நான் மூன்று பேரோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டு இருந்தேன். ஆளுக்கொரு அறை, சமையலறை பொது. புதிதாக வந்த நம் ஊர்ப் பையன் ஒருவன் பசியோடு உட்கார்ந்திருந்தான். வீட்டுத் தோழி அந்த ஊர்ச் சாப்பாடான ஸ்பேட்ஸ்லேயைச் சீஸ் போட்டுச் செய்துவிட்டு, 'உனக்கும் வேண்டுமா?' என்று கேட்டாள். அவன் நல்ல பிள்ளையாக 'பரவாயில்லை, வேண்டாம்' என்றான். அவள் 'சரி' என்று சொல்லிவிட்டு அவன் எதிரிலேயே முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்தாள். அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. அவன் சொன்னதை நம்பினாள், அவ்வளவுதான். இரண்டாவது தடவை வற்புறுத்தினால், 'நீ சொன்னதை நான் நம்பவில்லை' என்று அவனை அவமதித்தது போல ஆகிவிடும் என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கு ஒன்று பிடிபட்டால் அங்கே பாதி விஷயம் புரிந்துவிடும். 'ஒருநாள் வீட்டுக்கு வாங்களேன்' என்று நாம் சும்மா சொல்வோம். அங்கே அப்படிச் சொன்னால் உடனே போனில் நாட்காட்டியைத் திறப்பார்கள். ஹோட்டலில் பில் வரும்போது 'சேர்த்தா, தனித்தனியா?' என்று கேட்பார்கள். தனித்தனி என்று சொல்வதில் யாருக்கும் சங்கடம் கிடையாது. பிறந்தநாள் என்றால் பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் ஏற்பாடு செய்வார்கள் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

குறை சொல்வதும் இப்படித்தான் நேரடியாக இருக்கும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அமைதி நேரம். ஞாயிறு முழுநாளும் அமைதி. டிரில்லிங் மிஷின், சுத்தியல் எதற்கும் இடமில்லை. காலி கண்ணாடி பாட்டில்களைப் போடத் தெருவில் பெரிய தொட்டிகள் இருக்கும். சத்தம் வரும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை அதில்கூடப் போடக்கூடாது. கடைகளும் மூடியிருக்கும். ரயில் நிலையத்திலும் பெட்ரோல் பங்க்கிலும் ஏதாவது கிடைக்கும், சில பேக்கரிகள் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்பது அவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. இதை மீறினால் பக்கத்து வீட்டுக்காரர் நேராக வந்து பெல் அடித்து, 'மணி பத்தேகால் ஆகிறது, சத்தம் கேட்கிறது' என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். முதல்முறை கேட்கும்போது நமக்குச் சண்டைக்கு வந்தது போல இருக்கும். மறுநாள் காலை படியில் அவரே சிரித்துக்கொண்டு வணக்கம் சொல்வார். மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். நம் வாட்ஸ்அப் குழுவில் 'சில பேர்...' என்று பெயர் சொல்லாமல் ஒரு செய்தி வருமே, அன்றைக்கு முழுக்க அது யாரென்று எல்லோரும் யோசிப்போமே, அந்த வழக்கம் அங்கே நான் பார்க்கவில்லை. (தலைவர் அங்கிள் சிரிக்கிறார்.)

அபார்ட்மெண்ட்காரர்கள் நீங்கள், அதனால் ஸ்டுட்கார்ட்டின் 'கேர்வோக்கெ' பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 'பெருக்கும் வாரம்' என்று அர்த்தம். குப்பையை வாரம்தோறும் ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று 1492ஆம் ஆண்டு நகரச் சட்டத்திலேயே இருந்ததாகப் பெருமையாகச் சொல்வார்கள். இப்போது அது வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் வரும். ஒரு சின்ன அட்டை, சில வீடுகளில் மரப்பலகை, அந்த வாரம் யார் முறையோ அவர் கதவில் தொங்கும். மாடிப்படி, நடைபாதை, வாசல், குப்பைத்தொட்டி வைக்கும் இடம் எல்லாம் அவர் பொறுப்பு. பனிக்காலமென்றால் வாசல் நடைபாதையில் பனியைத் தள்ளிவிடுவதும் சேர்ந்துகொள்ளும். வாரம் முடிந்ததும் அட்டை அடுத்த வீட்டுக் கதவுக்குப் போய்விடும். எங்கள் கட்டிடத்தில் ஒரு டாக்டர் இருந்தார், ஒரு பஸ் டிரைவர் இருந்தார், மாணவர்கள் நாங்கள் இருந்தோம். அட்டைக்கு எல்லோரும் ஒன்றுதான். இதை அப்படியே இங்கே கொண்டுவரலாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே அந்த வேலையை நம்பி ஐந்து குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் படியை ஒரு தடவை தானே துடைத்தவர் அதில் எச்சில் கப்பை வைத்துவிட்டுப் போகமாட்டார் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

கதவு என்றதும் இன்னொன்று. அங்கே ஃபிளாட் நம்பர் என்ற பழக்கமே பெரும்பாலும் இல்லை. பெல் பட்டனுக்குப் பக்கத்தில் குடும்பப் பெயர் எழுதியிருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் இருக்கிறது. அதனால் என் பெல்லில் அப்பா பெயர், தபாலில் அப்பா பெயர், பேராசிரியர் கூப்பிடுவதும் 'ஃப்ராவ்' போட்டு அப்பா பெயர். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் ஃப்ராவ்தான். அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காபி வேண்டுமா, வேண்டாமா என்பதில் ஒன்றும் நஷ்டமில்லை. படிப்பில் இதே பழக்கம் பெரிய சேதம் செய்யும்.

அங்கே பல வகுப்புகளில் வருகைப் பதிவு கிடையாது. இன்டர்னல் மார்க் என்று தாங்கிப்பிடிக்க ஒன்றும் இருக்காது, பல பாடங்களில் கடைசிப் பரீட்சை ஒன்றுதான். பரீட்சைக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். மதிப்பெண்ணும் தலைகீழ். 1.0 தான் முதலிடம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில். ஒரு கட்டாயப் பாடத்தை எழுத பல பல்கலைக்கழகங்களில் மொத்தம் மூன்று வாய்ப்புகள். மூன்றாவதிலும் போய்விட்டால் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடர முடியாமல் போகும். மாணவர் விசாவும் அதோடு சிக்கலாகும்.

என்னோடு படித்த ஒரு நண்பன், நம் பக்கத்துச் சின்ன ஊர். பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல் மார்க். ஒரு பாடத்தில் இரண்டு தடவை போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து தினமும் அம்மா வீடியோ காலில் வருவார். 'சாப்பிட்டியா?' 'சாப்பிட்டேன்மா.' 'படிப்பெல்லாம் எப்படிப் போகுது?' 'நல்லா போகுதும்மா.' அதோடு முடிந்தது. அறைத்தோழன் ஒருநாள் 'ஏதாவது பிரச்சினையா?' என்று கேட்டிருக்கிறான். இவன் 'இல்லை' என்றான். அவன் நம்பிவிட்டான். ஸ்டுட்கார்ட்டில் டிசம்பர் மாதம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிற நிலைக்கு வந்துவிட்டான்.

அவனுக்கு உதவி இல்லாமல் இல்லை. திருத்திய விடைத்தாளை நேரில் போய்ப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள். எங்கே மார்க் போனது என்று அங்கேயே கேட்கலாம். பேராசிரியருக்கு மாணவர்களைச் சந்திக்கவென்றே நேரம் உண்டு. துறையின் மாணவர் குழுவிடம் பழைய கேள்வித்தாள்கள் பெரும்பாலும் இருக்கும், கேட்டால் தருவார்கள். மாணவர் நலப் பணிமனையில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அங்கே போவது அந்த ஊரில் பல் டாக்டரிடம் போவது மாதிரி சாதாரணம். இத்தனையும் இருந்தது. எதுவும் அவனைத் தேடி வரவில்லை. நம் ஊர்க் கல்லூரியில் ஒரு மேடமாவது 'ஏம்ப்பா, முகம் ஏன் வாடியிருக்கு?' என்று கேட்டிருப்பார். அங்கே பெரியவனான ஒருவனை அப்படிக் கேட்பது அவன் விஷயத்தில் தலையிடுவது.

மூன்றாவது வாய்ப்புக்கு இரண்டு மாதம் முன்பு, நாங்கள் இரண்டு பேர் கூடவே போய் அவனைப் பேராசிரியர் அறை வாசலில் விட்டுவிட்டு வந்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, 'ஏன் இரண்டு தடவையும் விடைத்தாளைப் பார்க்க வரவில்லை?' என்பதுதானாம். திட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டிருக்கிறார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். 3.7 வாங்கிப் பாஸ் செய்தான். இப்போது அங்கேயே வேலையில் இருக்கிறான். எல்லோருக்கும் அப்படி முடியவில்லை. பாதியில் திரும்பியவர்களும் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் விமான டிக்கெட் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அவர்கள் முறைதான் உசத்தி என்று சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் கீழ்வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருந்தார். பாட்டி என்று கூப்பிட முடியாது, அங்கே உறவுமுறை சொல்லி அழைத்தால் விசித்திரமாகப் பார்ப்பார்கள். நாங்கள் வீட்டில் இல்லாதபோது வரும் பார்சலையெல்லாம் அவர்தான் வாங்கி வைப்பார். இடுப்பு ஆபரேஷன் முடிந்து வந்திருந்தார். கட்டிடத்தில் எல்லோரும் நாகரிகமாக, 'உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்' என்று ஒரு தடவை சொன்னார்கள். அவர் 'நன்றி, சமாளித்துக்கொள்வேன்' என்றார். விஷயம் முடிந்தது. நானும் கேட்டேன், அதே பதில். இரண்டு நாள் கழித்து, 'பால் வாங்கப் போகிறேன், உங்களுக்கு ஒரு லிட்டரா, இரண்டா?' என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 'ஒன்று' என்றார். அடுத்த வாரம் பாலோடு ரொட்டியும் உருளைக்கிழங்கும் சேர்ந்தது. நம் ஊர் இரண்டாவது தடவைக்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

பெற்றோர்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன். 'நல்லா இருக்கியா' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் பதில் வரும். 'இந்த செமஸ்டர் எந்தெந்தப் பரீட்சைக்குப் பதிவு செஞ்சிருக்கே? இது எத்தனாவது தடவை? விடைத்தாள் பார்க்கிற நாள் எப்போ?' என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் கத்தாதீர்கள். கத்தினால் அடுத்த போனிலிருந்து எல்லாம் 'நல்லா போகுது' ஆகிவிடும்.

கிளம்பும் தம்பி தங்கைகளே, இரண்டு நம்பரை இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் 112. இரவிலோ ஞாயிறிலோ காய்ச்சல் மாதிரி, ஆனால் அவசர ஊர்தி தேவையில்லை என்றால் 116117. போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டு பெல்லை அடித்து, இன்னார் புதிதாக வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். அவர்களாக வந்து விசாரிக்க மாட்டார்கள். நீங்கள் போனால் சந்தோஷப்படுவார்கள்.

விண்ணப்பம், முடக்கப்பட்ட கணக்கு, தங்குமிடம் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் இந்த மாதம் சனிக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்கு மேல் இங்கேயே கிளப் ஹவுஸுக்கு வரலாம். வரும்போது பல்கலைக்கழகத்தின் தேர்வு விதிகளை அச்செடுத்துக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிக்கலாம். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.